சாவி யாரிடம் இருக்கிறது?

(தீத்தொண்டு வாரத்தையொட்டி நமது மருத்துவமனை வளாகத்தில் நடைபெற்ற ஊழியர், ஆதரவாளர் கூட்டத்தில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போதகர் பேசுகிறார் என்றவுடனே ஒரு பிரசங்கத்தை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற பொருள், வேலை செய்கிற இடங்களில் தீ விபத்து நேராமல் காப்பது எப்படி என்பது. இது தீயணைப்பு நிலைய அதிகாரி பேசவேண்டிய பொருள் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். ஆனாலும் தீயினால் கருகினவர்களின் கட்டிலருகே டாக்டரும் நர்சும் தங்கள் வேலையை முடித்துப் போனபின்பு உட்கார்ந்திருக்கிறவன் போதகர். வராந்தாவில் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிற தகப்பனோடும் தாயோடும் பேசவேண்டியவனும் அவனே. ஆகையால் இந்தப் பொருளைக் குறித்து எனக்கும் சொல்ல ஒரு காரியம் உண்டு.

உங்களில் பலர் உத்தியோகத்தில் இருப்பவர்கள். சிலர் அச்சகம் வைத்திருக்கிறீர்கள், சிலர் ஜவுளிக்கடை, சிலர் தையல் கூடம், சிலர் பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள். பத்துப் பேருக்கோ நூறு பேருக்கோ வேலை கொடுக்கிறீர்கள். அது பெரிய நன்மை. அந்தப் பத்துப் பேரும் நூறு பேரும் காலையில் உங்கள் வாசலுக்குள் வந்தது போலவே மாலையில் வெளியே போக வேண்டும். இன்று நான் பேசப் போவது அந்த வாசலைப் பற்றியே.

தீத்தொண்டு வாரம் வந்த விதம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நம் நாட்டில் இந்த வாரத்தை அனுசரிக்கிறோம். இந்தத் தேதி எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலக யுத்த காலம். ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற சரக்குக் கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள் இருந்தது. அதே கப்பலில் கராச்சியில் ஏற்றின ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் இருந்தன. வெடிபொருள் சுமந்த கப்பலைத் துறைக்குள்ளே கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. யுத்தகால அவசரத்தில் அந்த விதி தளர்த்தப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். அதுவும் ஏற்றப்படவில்லை.

ஏப்ரல் 14ஆம் தேதி பிற்பகலில் பஞ்சிலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து தண்ணீர் பாய்ச்சினார்கள். கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பின்பும் அவர்கள் அங்கேயே நின்றார்கள். மாலை 4 மணி கடந்து சில நிமிஷங்களில் கப்பல் வெடித்தது. சற்று நேரத்தில் இரண்டாம் முறையும் வெடித்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சிம்லாவிலுள்ள நிலநடுக்கக் கருவியில் அந்த அதிர்ச்சி பதிவாயிற்று. மாண்டவர்கள் எண்ணூறுக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் இடைப்பட்டவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களை நினைவுகூரவே இந்த நாள்.

அவர்களுடைய தியாகத்தை நாம் மறக்கக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீரர்கள் வந்தது கடைசியில். அவர்கள் வருவதற்கு முன்னமே, பஞ்சையும் வெடிபொருளையும் ஒரே கப்பலில் ஏற்ற ஒருவர் சம்மதித்தார், விதியை ஒருவர் தளர்த்தினார், கொடி ஏற்றாமல் ஒருவர் விட்டார். யாரும் கொலை செய்ய நினைக்கவில்லை. அவரவர் தம் வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தார்கள், அவ்வளவே. பெரும்பாலான தீ விபத்துகளின் கதை இதுதான். தீக்குச்சி கடைசியில் வருகிறது. அதற்கு வேண்டிய ஆயத்தங்களை மனிதர் பல நாளாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

நியூயார்க்கில் ஒரு சனிக்கிழமை

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி, சனிக்கிழமை. நியூயார்க் நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி இருந்தது. ஏறத்தாழ 500 பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம் பெண்கள். வாரக் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிற நேரம்.

எட்டாம் மாடியில் துணி வெட்டுகிற மேஜையின் கீழ் ஒரு பெட்டி. வெட்டின துண்டுத் துணிகளை அதில் போட்டுப் போட்டு நிறைத்திருந்தார்கள். அதில் தீப்பிடித்தது. அணைக்காத சிகரெட்டோ தீக்குச்சியோ காரணமாக இருக்கலாம் என்றார்கள். பத்தாம் மாடியிலுள்ள அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது. முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். இடையிலிருந்த ஒன்பதாம் மாடிக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. தீயே போய்ச் சொன்னது.

ஒன்பதாம் மாடியில் இரண்டு படிக்கட்டுகளுக்கு வழி உண்டு. ஒரு பக்கம் தீ சூழ்ந்துவிட்டது. மறுபக்கத்துக் கதவுக்கு ஓடினார்கள். அது பூட்டியிருந்தது. அந்தச் சாவியை வைத்திருந்த மேற்பார்வையாளர் வேறு வழியாக முன்னமே தப்பிப் போயிருந்தார். வெளியேயிருந்த இரும்புப் படி ஜனங்களின் பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடி வரைக்குமே எட்டிற்று. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஜன்னலிலிருந்து குதித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். கட்டடமோ இடியவில்லை. இன்றைக்கும் நிற்கிறது.

அந்தக் கதவை ஏன் பூட்டினார்கள்? வேலையாட்கள் சட்டைகளைத் திருடிப் போகாதபடி எல்லாரையும் ஒரே வாசலில் வரச்செய்து பையைச் சோதிப்பதற்காக. வழக்கு விசாரணையில் முதலாளியைக் கேட்டார்கள்: திருடு போன சாமான்களின் மதிப்பு மொத்தம் எவ்வளவு இருக்கும்? 25 டாலருக்கு மேல் போகாது என்று ஒப்புக்கொண்டார். 25 டாலருக்குக் காவலாகப் போட்ட பூட்டு அது.

கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது நிரூபணமாகவில்லை என்று அவர்கள் விடுதலையானார்கள். பின்பு நஷ்டஈட்டு வழக்குகளில் ஓர் உயிருக்கு 75 டாலர் என்று தீர்ந்தது. இதைவிட வேதனையான காரியம் ஒன்று உண்டு. 1913ஆம் ஆண்டு அந்த முதலாளிகளில் ஒருவர் தம் புதிய தொழிற்கூடத்தில் வேலை நேரத்தில் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்திருந்தார். அதற்கு 20 டாலர் அபராதம் கட்டினார்.

அன்று தெருவில் நின்று அந்தக் காட்சியைக் கண்டவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். அவர் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவோடு சேர்ந்து உழைத்தார். தொழிற்சாலைகளுக்குள்ளே போய்ப் படிக்கட்டுகளையும் கதவுகளையும் நேரில் சோதித்தார்கள். தீ ஒத்திகை நடத்த வேண்டும், வேலை நேரத்தில் கதவு பூட்டக் கூடாது, பெரிய கூடங்களில் தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும் என்பவையெல்லாம் சட்டமாயின. பின்னாளில், 1933இல், அவர் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

அதே பூட்டு, வேறு ஊர்கள்

அது பழைய காலம், அந்நிய தேசம் என்று நாம் ஆறுதலடையலாமா? 1991 செப்டம்பரில் அமெரிக்காவிலேயே ஹாம்லெட் என்ற சிற்றூரில் கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்று எரிந்தது. 25 பேர் இறந்தார்கள். கோழி திருடு போகிறது என்று கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். பதினோரு ஆண்டுகளாக ஒரு பாதுகாப்பு அதிகாரியும் அங்கே வந்து பார்த்ததில்லை. 1993 மே மாதம் தாய்லாந்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் 188 பேர் இறந்தார்கள். நம் குழந்தைகள் கையில் வைத்து விளையாடுகிற பஞ்சுப் பொம்மைகளைத் தைத்த பெண்களே அவர்களில் பெரும்பாலோர்.

2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது வேண்டுமென்றே வைத்த தீ என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீ வைத்தவன் அந்த ஜன்னல்களுக்குக் கம்பி போடவில்லை, கதவுகளைப் பூட்டவில்லை. அவை முன்னமே பூட்டியிருந்தன. அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நல்ல நிர்வாகம் என்று சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. சுவரில் சான்றிதழ் தொங்கினது, கதவில் பூட்டும் தொங்கினது.

அதே ஆண்டு நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் என்ற ஆடைத் தொழிற்சாலையில் குறைந்தது 112 பேர் மாண்டார்கள். தீ மணி அடித்தது. பெண்கள் எழுந்தார்கள். ஒன்றுமில்லை, உட்கார்ந்து வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த நூலும் துணியும் எரிந்து, புகை படிக்கட்டு வழியே மேலேறியது. நம் நாட்டிலோ, 2019 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலையில் டெல்லி அனாஜ் மண்டியில் பை தைக்கிற கூடங்கள் இருந்த கட்டடத்தில் 43 பேர் இறந்தார்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கிய வெளியூர்த் தொழிலாளிகள். பெரும்பாலோரைக் கொன்றது புகை.

நூற்றுச் சொச்சம் வருஷங்களில் இயந்திரங்கள் மாறின, தேசங்கள் மாறின. பூட்டு மட்டும் மாறவில்லை. சாவி ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது, உயிர் வேறொருவருடையது. இதுதான் அடிப்படைக் குற்றம்.

திருட்டுப் பயம் பொய்யா?

உங்களில் ஒரு முதலாளி எழுந்து, ஐயா, சரக்கு களவு போகிறது உண்மைதானே, நான் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறிய தொழில் செய்கிறவருக்கு ஒரு கட்டுத் துணி போனாலும் நஷ்டமே. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது.

1903 டிசம்பர் 30ஆம் தேதி சிகாகோ நகரில் இரோகுவாய் என்ற நாடக அரங்கில் தீப்பிடித்து 600க்கு மேற்பட்டவர்கள், அநேகம் பேர் தாய்மாரும் பிள்ளைகளும், இறந்தார்கள். கதவுகளைத் திறக்க முடியாமல் நெருக்குண்டு இறந்தவர்கள் பலர். அன்றைக்கு அந்த நாடகத்துக்குப் போகவேண்டியிருந்து, வேலை காரணமாகப் போகாமல் தப்பினவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி. அவர் அதைச் சும்மா விடவில்லை. ஒரு கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, வெளியேயிருந்து சாவியில்லாமல் திறக்க முடியாத, உள்ளேயிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினாலே திறந்துகொள்ளுகிற கதவுத் தாழை 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கூட்டம் நெருக்கினாலும் நெருக்குகிற வேகத்திலேயே கதவு திறக்கும். இன்று நம் ஊர்ச் சினிமாக் கொட்டகைகளிலும் பெரிய கடைகளிலும் அதைப் பார்க்கலாம். அந்தக் கதவோடு ஒரு மணியையும் பொருத்திவிட்டால், திறக்கும்போது எல்லாருக்கும் தெரியும். களவுக்கும் காவல், உயிருக்கும் காவல். பையைச் சோதிக்க வேண்டுமானால் வெளிக்கேட்டில் சோதியுங்கள், படிக்கட்டுக் கதவில் வேண்டாம்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஆட்கள் உள்ளே இருக்கையில் வெளியேறும் கதவு உடனே உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்ற கட்டளை உபாகமத்தில் இருக்கிறது. யாரும் விழுவதற்கு முன்பே சுவர் கட்டச் சொல்லுகிற கட்டளை அது. விழுந்தவனுக்குப் பரிதாபப்படுவதோடு அது நிறுத்திக்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு வார்த்தையை நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். விபத்து நடந்தபின், எல்லாம் தேவசித்தம், நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லுகிறோம். மகளை இழந்த ஒரு தாய் தன் துக்கத்தில் அப்படிச் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன். அருகில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் சாவி வைத்திருந்தவர் அப்படிச் சொல்ல உரிமையில்லை. தான் போட்ட பூட்டை ஆண்டவர் போட்டதாகச் சொல்லக் கூடாது.

புகையே முதல் சத்துரு

தீ விபத்தில் பெரும்பாலோர் நெருப்புப் பட்டு இறப்பதாக நாம் நினைக்கிறோம். அநேகமாகப் புகைதான் முதலில் கொல்லுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் அதைப் பற்றிக்கொள்ளுகிறது. தலை சுற்றும், கால் தள்ளாடும், எந்தப் பக்கம் கதவு என்பதே மறந்துபோகும். தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம்.

2011 டிசம்பர் 9ஆம் தேதி அதிகாலையில் கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 90 பேர் இறந்ததும் இப்படியே. தீ எரிந்தது அடித்தளத்தில். அங்கே எரியும் சாமான்களைக் குவித்திருந்தார்கள். நோயாளிகள் இருந்தது மேல் மாடிகளில். புகை குழாய்கள் வழியாக மேலேறி, கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே அடைபட்டது. பக்கத்துக் குடிசைப் பகுதி ஜனங்கள் முதலில் புகையைக் கண்டு உதவிக்கு ஓடிவந்தார்கள். காவலாளிகள் அவர்களை உள்ளே விடவில்லை. பிறகு அந்த ஏழை ஜனங்களே கண்ணாடியை உடைத்து அநேகரைக் காப்பாற்றினார்கள். கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் நர்சுகள் தங்கள் வார்டு நோயாளிகளை வெளியே சேர்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்ப் புகையில் மடிந்தார்கள்.

மருத்துவமனையும் வேலை செய்கிற இடம்தான். இங்கே பிராணவாயு உண்டு, ஸ்பிரிட்டு உண்டு, எந்நேரமும் ஓடுகிற மின்கருவிகள் உண்டு, எழுந்து ஓட முடியாதவர்களும் உண்டு. ஆகையால் நம் ஊழியர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறேன். அடித்தளத்தையும் படிக்கட்டின் அடியையும் சாமான் அறையாக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய பணம் வேண்டாத காரியங்களை மட்டும் சொல்லுகிறேன். திங்கட்கிழமை காலையிலேயே செய்யலாம்.

முதலாவது, உங்கள் வேலையிடத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். எல்லாரும் உள்ளே இருக்கிற நேரத்தில் ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்து உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். சாவி தேடவேண்டியிருந்தால் அது கதவு அல்ல, சுவர்.

இரண்டாவது, படிக்கட்டிலும் நடைவழியிலும் ஒரு பெட்டியும் இருக்கக் கூடாது. இரண்டு நாளைக்கு வைத்த சரக்கு இரண்டு வருஷம் இருந்துவிடும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி 94 பிள்ளைகளை இழந்தோம். சமையல் கூரையில் பற்றின தீ, கீற்றுக் கூரை, ஒடுக்கமான படி. நம் மாநிலம் முழுவதும் அழுதது. அந்தப் படிக்கட்டை நினைத்துக்கொண்டு உங்கள் படிக்கட்டைப் பாருங்கள்.

மூன்றாவது, மின்சாரம். ஒரே பிளக்கில் நாலு இயந்திரம் மாட்டாதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைப் போடாதீர்கள். ஃபியூஸ் போவது, உள்ளே ஒரு கோளாறு இருக்கிறது என்று சொல்லுகிற எச்சரிப்பு. எச்சரிக்கிறவன் வாயைக் கட்டிவிட்டால் கோளாறு தீர்ந்துவிடாது. தளர்ந்த இணைப்பும், தோல் உரிந்த ஒயரும், சூடேறுகிற சுவிட்சும் உடனே மாற்றப்பட வேண்டும். இரவில் கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

நான்காவது, குப்பை. துண்டுத் துணி, காகிதக் கழிவு, பஞ்சுத் தூசி இவை அன்றன்று வெளியே போக வேண்டும். டிரையாங்கிளில் எரிந்தது ஒரு கழிவுப் பெட்டி. ஆளி விதை எண்ணெய் கலந்த வார்னிஷைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால், தீக்குச்சி இல்லாமலே அது சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதைப் பரப்பி உலர்த்துங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

ஐந்தாவது, தீயணைப்புக் கருவி. அநேக இடங்களில் அது சுவருக்கு அலங்காரமாகத் தொங்குகிறது. யாருக்கும் உபயோகிக்கத் தெரியாது. ஊசியை இழுக்க வேண்டும், தீயின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடிக்க வேண்டும், கைப்பிடியை அழுத்தி இடமும் வலமும் வீச வேண்டும். சாதாரணக் கருவி அரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகையால் அது சிறு தீக்கு மட்டும். எப்போதும் வெளியே போகும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆறாவது, ஒத்திகை. வருஷத்தில் இரண்டு முறையாவது மணி அடித்து எல்லாரையும் வெளியே வரச்செய்து, ஓரிடத்தில் நிறுத்தி, தலை எண்ணுங்கள். அரை மணி நேர வேலை கெடும். உங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து கற்றுக்கொடுப்பார்கள். மணி அடித்தால் வேலையை விட்டு எழுந்துபோக ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, அதற்காக ஒருவர் கூலியும் பிடிக்கப்படாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தஸ்ரீனில் மணி அடித்தது. எழுந்துபோக உரிமை இல்லாமற்போயிற்று.

ஏழாவது, வேலையிடத்தில் ஒருவரையும் இரவில் உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். வெளியூர்ப் பிள்ளைகள் தங்க இடமில்லாமல் கடையிலேயே படுக்கிறார்கள் என்றால், அவர்கள் கையில் ஒரு சாவி இருக்கட்டும். சரக்கை அவர்களை நம்பி ஒப்படைக்கிறவர், சாவியையும் நம்பி ஒப்படைக்கலாமே.

தொழிலாளிகளாயிருக்கிற சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. புதிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே இரண்டு வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். தீ என்று கண்டால் முதலில் கூவி எச்சரியுங்கள், 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள், பிறகு வெளியேறுங்கள். லிஃப்டில் ஏறவேண்டாம். புகை மேலே நிற்கும், நல்ல காற்று தரையருகே இருக்கும், ஆகையால் குனிந்தோ தவழ்ந்தோ போங்கள். மூடிய கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்காதீர்கள். கைப்பையையும் செருப்பையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது, ஓடினால் காற்று பட்டுத் தீ வளரும். தரையில் விழுந்து புரள வேண்டும்.

தீக்காயம் பட்டுவிட்டால்

இது நம் நர்சுகள் திரும்பத் திரும்பச் சொல்லுகிற காரியம், நான் அவர்களுக்காகச் சொல்லுகிறேன். காயத்தின்மேல் ஓடுகிற சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் விடுங்கள். இருபது நிமிஷம் என்பது நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் இவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டின துணியைப் பிடுங்காதீர்கள். சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

பற்பசை, மை, மாவு, மஞ்சள், எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். அன்பினால்தான் தடவுகிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது அந்தப் பிள்ளை படுகிற வேதனையை நீங்கள் கேட்டால் ஒருபோதும் தடவமாட்டீர்கள். புகைக்குள் அகப்பட்டவர் வெளியே காயமில்லாமல் நன்றாகப் பேசினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே மூச்சுக்குழாய் வெந்திருக்கலாம், சில மணி நேரம் கழித்து வீங்கலாம்.

முடிவாக

பங்களாதேஷில் தஸ்ரீன் தீக்குப் பிறகு, 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதன் பின்புதான் வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இஞ்சினீயர்கள் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ச் சோதித்தார்கள். வெளியேறும் வழிகளில் இருந்த பூட்டுகளையும் மடக்குக் கதவுகளையும் எடுக்கச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான கட்டடங்களில் இது நடந்தது. அதனால் உயிரோடு வீட்டுக்குத் திரும்பினவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரும் கணக்கெடுக்க முடியாது. நடக்காத விபத்துக்குக் கணக்கு இல்லை, அதற்கு நினைவு நாளும் இல்லை. ஆயினும் இதுவே மிகச் சிறந்த தீத்தொண்டு.

அன்பானவர்களே, நீங்கள் ஆண்டுதோறும் கொடுக்கிற காணிக்கையினால் தீப்பட்டவர்களுக்குக் கட்டுப்போடுகிறோம். அதற்கு நன்றி சொல்லுகிறோம். ஆனால் இன்று நான் உங்களிடம் பணம் கேட்கவில்லை. உங்களில் எத்தனையோ பேர் இடுப்பிலோ மேஜை இழுப்பறையிலோ ஒரு சாவிக்கொத்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் அதை எடுத்து ஒவ்வொரு சாவியாகப் பாருங்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளியே போகும் வழியைப் பூட்டுகிற சாவி அதில் ஒன்று இருந்தால், அதைக் கொத்திலிருந்து கழற்றிவிடுங்கள். அந்தக் கதவுக்குத் தள்ளினால் திறக்கிற தாழ் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. அந்த வாசல் வழியாக உங்கள் வேலையாட்கள் எல்லாரும் மாலைதோறும் சுகமாய் வீடு போய்ச் சேருவார்களாக.